ஒன்பது அடி பதினோரு அங்குலம்

கொத்தனார் வேல்சாமி டேப்பை இழுத்துப் பிடித்தார். அதன் முனையைக் கிழக்குச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தவர் தவசியின் மாமனார் சேதுராமன். வேல்சாமி மேற்குச் சுவரோரம் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிமிர்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

“ஒம்பதடி பதினோரு இஞ்ச்.”

“நல்லாப் பாருய்யா,” என்றார் சேதுராமன்.

“நல்லாத்தான் பாத்தேன். ஒம்பது பதினொண்ணு.”

தவசி வாசற்படியில் நின்றான். அது அவன் வீடு. அது அவன் படுக்கையறை. எட்டு மாதத்துக்கு முன்புவரை அவன் பெண்டாட்டி முருகேஸ்வரி அந்த அறையில் இருந்தாள். பிள்ளை பெற்ற அன்றே செத்துப்போனாள். பிள்ளை பிழைத்தது. பெண் பிள்ளை. தேவிபட்டினத்துக்கு மேற்கே, மாமனார் ஊரில் வளர்கிறது. அதைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்ப நாள் பேசலாம் என்றுதான் சேதுராமன் சொல்லியனுப்பியிருந்தார். வந்தவர் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு புது டேப்போடு வந்திருந்தார்.

“கொத்தனாரே,” என்றான் தவசி. “பால் காச்சுன அன்னைக்கு நீங்கதான அளந்தீங்க? பத்துன்னீங்க.”

வேல்சாமி துண்டை எடுத்துப் பிடரியைத் துடைத்தார்.

“அது பழைய டேப்பு தம்பி. முனையில கொக்கி உடைஞ்சுபோச்சு. ஒரு இஞ்ச விட்டுட்டுப் பிடிப்போம். பிடிச்சா கடைசில ஒண்ணக் கழிக்கணும். அன்னைக்கு மேளச் சத்தத்துல கழிச்சேனா இல்லையான்னு...”

“கழிக்கல.”

“கழிக்கல போலருக்கு.”

அந்தப் பக்கத்தில் மனையடி சாஸ்திரம் பார்க்காமல் ஒருவரும் வீடு கட்டுவதில்லை. அறையின் உள்ளளவு பத்தடி என்றால் குடும்பம் தழைக்கும். ஒன்பது என்றால் ஆயுள் தங்காது. படித்தவன் படிக்காதவன் வித்தியாசமில்லை. எட்டு, பத்து, பதினொன்று என்று நல்ல அளவைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள்.

“ஒரு இஞ்ச்தான மாமா,” என்றான் தவசி. “நூத்தி இருபதுல ஒண்ணு. ஒம்பது அம்பத்தஞ்சுக்கு மணி கேட்டா பத்துன்னுதான சொல்றோம்.”

“பத்து ஆயிருச்சா?”

“ஆகல.”

“அப்ப ஒம்பதுதான்.”

வேல்சாமிக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது. தன் தவறு பேச்சில் அமுங்கிப்போகிறது என்று கண்டுகொண்டார்.

“பதினெட்டு முடியாத பிள்ளைக்கு ஓட்டு இருக்கா தம்பி? ஒரு நாள் குறைஞ்சாலும் பதினேழுதான். சாஸ்திரமும் அப்படித்தான். முழுசா ஆனாத்தான் ஆச்சு.”

தவசிக்கு அவர் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. அந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்பதும் கோபத்துக்கு ஒரு காரணம்.

சேதுராமன் டேப்பின் முனையை விட்டார். அது சர்ரென்று கூட்டுக்குள் ஓடி அடங்கியது.

“எம் பொண்ணு பத்து மாசமும் இதுலதான படுத்துக் கெடந்தா மாப்ள. இதே ஒம்பதுல எம் பேத்தியையும் கொண்டாந்து போட எனக்கு மனசு ஒப்பல. ரெண்டு சுவத்துலயும் பூச்சைக் கொத்தி எடுத்துருங்க. பக்கத்துக்கு அரை இஞ்ச் போனா பத்தாயிரும். அன்னைக்கே நானே பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்.”

“கொத்த மாட்டேன்.”

“அரை நாள் வேலை மாப்ள.”

“கொத்த மாட்டேன்னு சொன்னேன்.”

“அப்ப பிள்ளை அங்கனயே இருக்கட்டும்,” என்றார் சேதுராமன். சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். வேல்சாமி தவசியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே போனார்.

பூச்சு போவதில் தவசிக்கு ஒன்றுமில்லை. சுவரே போனாலும் ஒன்றுமில்லை. ஆனால் உளியை வைக்கச் சொன்னால், சுவர்தான் அவளைக் கொன்றது என்று அவனும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைத்தான் அவனால் செய்ய முடியவில்லை. அவளை எது கொன்றது என்று அவனுக்குத் தெரியும். அதற்கும் ஓர் அளவு இருந்தது. அந்த அளவு ஒரு தாளில் எழுதப்பட்டு அவன் பெட்டிக்குள் கிடந்தது.

*

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் வரைபடப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன் தவசி. அங்கே 40 என்று எழுதினால் ஓர் அர்த்தம், 40.00 என்று எழுதினால் வேறு அர்த்தம். வெறும் நாற்பது என்றால் கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு சுழி போட்டுவிட்டால் தலைமுடியின் பருமனில் பாதிகூடப் பிசகக் கூடாது. எவ்வளவு பிசகலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதாமல் ‘அப்ராக்ஸ்’, அதாவது தோராயம், என்று போட்டு அனுப்பிய படம் அன்று சாயங்காலமே குறுக்கே சிவப்புக் கோட்டோடு திரும்பி வரும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு வந்துவிட்டான். ராமநாதபுரம் கேணிக்கரையில் சதக் பாயின் பிளான் போடும் ஆபீசில் வேலை. சேர்ந்த புதிதிலேயே, திருப்புல்லாணி ரோட்டில் இருந்த தன் மனையில் வீடு கட்ட அவனே கம்ப்யூட்டரில் படம் போட்டான். ஒவ்வொரு செங்கலும் எங்கே வர வேண்டும் என்று போட்டான். வேலை நடக்கும்போது தினமும் சாயங்காலம் டேப்போடு போய் நிற்பான். முருகேஸ்வரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பாள்.

“ஏங்க, வீடு கட்டுறீகளா, பம்பு கட்டுறீகளா?”

செங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் இடையே சரியாகப் பத்தடி. படத்தில் அப்படித்தான் இருந்தது, கட்டும்போதும் அப்படித்தான் வந்தது. ஆனால் அதன்மேல் பூச்சு வரும் என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. ஊரில் பத்தாம் வகுப்பு தாண்டாத கொத்தனார்கூட பூச்சுக்கென்று ஓர் அங்குலம் கூட்டிப் போடுவான். தவசி இரும்புக்குப் படம் போட்டுப் பழகியவன். இரும்புக்குப் பூச்சு கிடையாது. இன்று வேல்சாமி அளவைச் சொன்ன நொடியிலேயே அந்த ஓர் அங்குலம் எங்கே போனது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

பிள்ளை பிறந்தது போன ஆடியில், ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். காலை ஏழு மணிக்குச் சுகப்பிரசவம். அவன் வராண்டாவில் நின்றான். உள்ளே மாமியார் பாண்டியம்மாள் மட்டும் இருந்தார். மதியம் முருகேஸ்வரி தாகம் என்றாள். பிறகு கண்ணைக் கட்டுகிறது என்றாள். மூன்று மணிக்கு, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஒரு நர்ஸ் வந்து, “இத வெளிய போட்டுருங்க,” என்று கட்டிய பிளாஸ்டிக் பையொன்றைக் கையில் திணித்தாள்.

ஒரு கையில் தாள், ஒரு கையில் பை.

தாளில் ‘இரத்த இழப்பு: அப்ராக்ஸ். 500 மி.லி.’ என்று எழுதியிருந்தது. அரை லிட்டர். பிரசவத்தில் அது போவதுதான் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த ஞாபகம். பையில் இரண்டு சேலையும் ஒரு விரிப்பும் இருந்தன, நனைந்து. கம்பெனியில் இரும்பு வார்ப்படங்களைத் தூக்கித் தூக்கி எடை பழகிய கை அது. தராசில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடும். அன்றைக்கும் சொல்லியது: துணியைக் கழித்தாலும் இரண்டு கிலோவுக்குக் குறையாது.

அவன் எழுத்தில் இருந்ததை நம்பினான். பையைத் தொட்டியில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினான். பரமக்குடி தாண்டியது. மானாமதுரை வருமுன் அவள் மூச்சு நின்றது.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பழைய சேலையையும் ஒரு விரிப்பையும் எடுத்துக் கொல்லையில் உட்கார்ந்தான். அவற்றை ஒரு பையில் போட்டு, லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றினான். தூக்கிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றினான். கை சரி என்று சொல்லும்வரை ஊற்றினான். அவிழ்த்துக் காயவைத்து மறுபடி செய்தான். பதினோரு தடவை. அடுத்த தெருவில் குடியிருந்த அக்கா ராக்கு குழம்புச் சட்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

“ஏலே, என்னலே செய்யிற?”

“துணி நனைக்கிறேன்.”

ராக்கு சட்டியை வைத்துவிட்டுப் போய், புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோகும் ஏர்வாடிக்கு இவனையும் கூட்டிப்போய் நாலு நாள் தர்காவில் வைத்திருக்கலாமா என்று தன் வீட்டுக்காரரிடம் கேட்டாள். அது தவசி காதுக்கும் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டான்.

நோட்டில் எழுதினான்: ‘2.1 லிட்டர். 0.3 கூடலாம், 0.3 குறையலாம்.’ அவனுடையதும் தோராயம்தான். ஆனால் எவ்வளவு தோராயம் என்று எழுதியிருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை எழுதவில்லை. நாலு மடங்கு பிசகியவர்கள், பிசகும் என்றுகூட எழுதவில்லை. சுகாதாரத் துறைக்கு ஒரு மனு எழுதி வைத்தான். அனுப்பவில்லை. சாட்சி யார் என்று கேட்டால் வலது கையைக் காட்ட முடியுமா?

இப்போது இவர்கள் ஓர் அங்குலத்துக்காக டேப்போடு வந்து நிற்கிறார்கள். அளக்க வேண்டிய அன்று அளக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

*

“ஒரு இஞ்சுக்கா பிள்ளைய அங்கனயே விட்ட?” என்றார் சதக் பாய். “மூளை கீளை இருக்கா உனக்கு?”

“ஒரு இஞ்சுக்கு இல்ல பாய்.”

“என்ன எழவுக்கோ. பிள்ளை அங்கன, நீ இங்கன. இந்தா, பிளான எடு. அறை அளவு மேல டபுள் கிளிக் பண்ணு. பத்துன்னு அடி. பிரிண்ட் போடு. அளக்க வந்தவன் கண்ணு சரியில்லன்னு சொல்லு. சோலி முடிஞ்சுச்சு.”

“அது பொய் பாய்.”

“அட அல்லாவே! அவுக கேக்குறது மட்டும் ரொம்ப நியாயமாக்கும்?” அவர் நாற்காலியை அருகே இழுத்தார். “சரி, பொய் சொல்லாத. நெசத்தையே போடு. நம்ம ஆபீஸ்ல எந்த வீட்டுக்கு அரை இஞ்ச், கால் இஞ்ச்சுன்னு காட்டுறோம்? சுத்தமாக் காட்டுன்னு சொன்னா அது காட்டிட்டுப் போகுது.”

அவர் சாயா குடிக்க இறங்கிப் போனதும் தவசி தன் வீட்டின் படத்தைத் திறந்தான். முதல் தடவையாக அதில் பூச்சைப் போட்டான். சுவருக்கு அரை அங்குலம் உள்ளே ஒரு கோடு, எதிர்ச் சுவரிலும் அதேபோல் ஒரு கோடு. உள்ளளவைக் கேட்டான். 9'-11" என்றது.

அளவுகளை எந்தத் துல்லியத்துக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கும் ஒரு கட்டம் அந்தத் திரையில் உண்டு. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குவரை காட்டச் சொல்லலாம். வேண்டாமென்றால் பக்கத்து முழு அடிக்கு நகர்த்திக் காட்டச் சொல்லலாம். அதில் பன்னிரண்டு அங்குலம் என்று போட்டான்.

10'-0" என்றது.

கோடு நகரவில்லை. ஓர் இம்மிகூட நகரவில்லை. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. கேட்டவனுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு சொல்லியது. படுக்கையறை மட்டுமல்ல, மற்ற அறைகளின் எண்ணும் மாறியது. ஏழடி எட்டு அங்குலமாக இருந்த சமையலறை எட்டடி என்றது. பத்தடி ஐந்தாக இருந்த கூடம் பத்தடி என்றது. ஒரு நொடியில் வீடு முழுக்க நல்ல அளவாகிவிட்டது.

தவசி அதைப் பார்த்தான். எவன் ஐந்நூறு என்று எழுதினானோ அவனும் இப்படித்தான் ஒரு கட்டத்தை நிரப்பியிருப்பான் என்று தோன்றியது.  ஆனாலும் அச்சிட்டான். பிள்ளை மாமனார் ஊரில் இருந்தது.

*

பங்குனி வெயில். ஊருக்குள் நுழையும்போதே மூக்கில் மிளகாய் நெடி ஏறியது. சேதுராமன் வீட்டுக் கொல்லையில் குண்டு மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. பாண்டியம்மாள் வேப்ப நிழலில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நெடி எட்டாத தூரத்தில், திறந்த அறைக்குள் பாயில் பிள்ளை குப்புறக் கிடந்து கையால் தரையைத் தட்டியது.

சேதுராமன் தாளை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். 10'-0" என்ற எண்ணின்மேல் விரல் வைத்தார்.

“பத்து?”

“பத்துன்னு போட்டுருக்கு,” என்றான் தவசி.

“கம்ப்யூட்டர் போட்டதா?”

“ஆமா மாமா.”

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது. அந்த விடுதலையைப் பார்க்கத் தவசிக்குப் பிடிக்கவில்லை.

“அந்த வேல்சாமிப் பயலுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு அப்பவே நெனச்சேன். இருங்க, முக்குக் கடையில போய் அவனுக்குப் போனைப் போட்டு நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன். சாப்பிட்டுட்டு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க மாப்ள.” தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பிள்ளை அழ ஆரம்பித்தது. பாண்டியம்மாள் எழவில்லை.

“நீங்க தூக்குங்க மாப்ள. எனக்குக் காரக் கையி.”

தவசி தூக்கினான். பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது. ஏழு கிலோ இருக்கும் என்றது கை.

பாண்டியம்மாள் காம்பு கிள்ளுவதை விடாமல் கேட்டார். “அது நெசமா மாப்ள?”

“எது?”

“பத்துன்னு போட்டுருக்கது.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு மணி வண்டியில் பிள்ளையோடு ஏறிவிடலாம். அந்தம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் நின்றிருந்தன.

“இல்லத்தை,” என்றான். “ஒம்பது பதினொண்ணுதான். வேல்சாமி அளந்தது சரி. நாந்தான் கம்ப்யூட்டர்ல பத்துன்னு சொல்ல வச்சேன்.”

சொன்னதும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மேலே வந்தது.

“சுவரு கொன்னுச்சாம் சுவரு! ஒரு இஞ்ச் அளவு கெட்டு ஒரு மனுசி சாவாளா? அவுக அரை லிட்டருன்னு எழுதிக் குடுத்தாக. ரெண்டு லிட்டருக்கு மேல போயிருச்சு அத்தை. நான் இந்தக் கையில தூக்கிப் பாத்தேன். அதக் கேக்க நாதியில்ல. டேப்பத் தூக்கிட்டு எம் வீட்டுக்கு வந்துட்டீக. எவன் கணக்குல பிசகுச்சோ அவன் நிம்மதியா இருக்கான். செங்கல்லுக்கும் சிமிண்டுக்கும் தண்டனையாம்!”

பிள்ளை அவன் குரலுக்கு மிரண்டு உதட்டைப் பிதுக்கியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

 பாண்டியம்மாள் மிளகாயைப் பார்த்தே பேசினார்.

“நீங்க எத்தன துணி பாத்தீக?”

“மூணு. ரெண்டு சேலை, ஒரு விரிப்பு.”

“அஞ்சு,” என்றார் அவர்.

தவசிக்கு முதலில் புரியவில்லை.

“பத்து மணிக்கு ஒரு சேலை நனைஞ்சுச்சு. மாத்துனேன். பதினொண்ணுக்கு இன்னொண்ணு. பிள்ளை பெத்த துணி ஆம்பள கண்ணுல படக் கூடாதும்பாக. நீங்க வராண்டாவுலயே நின்னீக. டீயக் கொண்டாந்து டக்குன்னு உள்ள வந்துருவீகளோன்னு, மாத்துன ஒடனே பாத்ரூமுக்குக் கொண்டுபோயி அலசிப்போட்டேன்.” அவர் இன்னொரு காம்பைக் கிள்ளினார். “மதியம் நர்சு வந்தா. அப்பக் கீழ விரிச்சிருந்தது மட்டுந்தான் கெடந்துச்சு. அதப் பாத்துட்டு, இம்புட்டுத்தானாம்மான்னு கேட்டா. நான்...”

“நீங்க?”

“இம்புட்டுத்தாம்மான்னேன்.”

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கத்தியது. தெருவில் யாரோ டி.வி.எஸ். ஐம்பதை மிதித்துக் கிளப்பினார்கள்.

“அவ எழுதிக்கிட்டுப் போயிட்டா. மூணு மணிக்கும் அதையேதான் எழுதிக் குடுத்தாக. மறுபடி யாரும் வந்து பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா மொதல்ல மறைச்சது நான். கூச்சத்துல. மருமகன் பாத்துருவாரேங்கிற கூச்சத்துல.”

எட்டு மாதமாகத் தவசி ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான், காறித் துப்ப. நர்ஸின் முகம், டாக்டரின் முகம், கண்ணாடியில் தெரிந்த தன் முகம். இந்த முகத்தை அவன் நினைத்ததே இல்லை. இப்போது அது கண்முன்னால் இருந்தது, வெயிலிலும் மிளகாய் நெடியிலும் கறுத்து. கத்த வேண்டும்போல் இருந்தது. அவனையறியாமல் வேறொன்றைக் கேட்டான்.

“எம்புட்டு நனைஞ்சிருந்துச்சு?”

“பிழிஞ்சேன் மாப்ள. மூணு தண்ணி மாத்துனேன். மூணாந் தண்ணியும் தெளியல.”

0.3 கூடலாம், 0.3 குறையலாம் என்று எழுதியிருந்தான். அந்த நோட்டை நினைத்து வெட்கமாக இருந்தது. பதினோரு தடவை துணி நனைத்து அவன் கண்டுபிடித்த எல்லைக்கு வெளியே இரண்டு சேலைகள் கம்பியில் காய்ந்திருக்கின்றன.

பாண்டியம்மாள் அழுதார். பழக்கத்தில் கையால் கண்ணைத் துடைத்துவிட்டார். மிளகாய்க் கை. அவர் கத்தவில்லை. முகத்தைக் குனிந்துகொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். தவசி பிள்ளையை இடது கையில் மாற்றிக்கொண்டு, தொட்டியிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டுவந்து அவர் முகத்தில் ஊற்றினான். மறுபடி மொண்டான். மறுபடி ஊற்றினான். கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் ஊற்றினான்.

“அவருகிட்டச் சொல்லிராதீக,” என்றார் பாண்டியம்மாள், கண்ணைத் திறக்க முடியாமல். “அவருக்குச் சுவரு இருக்கு. சுவரு போதும். நாந்தான்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. கொத்திருங்க மாப்ள.”

தவசி மூன்றாம் தடவை செம்பை நிரப்பினான்.

“கொத்துறேன். ஆனா நான் மனு எழுதி வச்சிருக்கேன். அதுல அஞ்சு துணின்னு போடுவேன். மதியம் ஒரு தடவை பாத்துட்டு, மூணு மணி வரைக்கும் யாரும் வந்து பாக்கலன்னு போடுவேன். நீங்க அலசுனதையும் போடுவேன். சாட்சின்னு நீங்க கையெழுத்துப் போடணும்.”

அவர் தண்ணீர் சொட்டும் முகத்தோடு சரியென்று தலையை ஆட்டினார்.

சேதுராமன் திரும்பி வந்தபோது கொல்லை அமைதியாக இருந்தது. “என்ன பாண்டி, கண்ணு இப்படிச் செவந்துருக்கு?”

“மிளகாய்க் கையி,” என்றார் அவர்.

“மாமா, அந்தத் தாளைக் குடுங்க,” என்றான் தவசி. வாங்கி நாலாகக் கிழித்தான். “ஒம்பது பதினொண்ணுதான். வேல்சாமிய வரச் சொல்லுங்க. கொத்திரலாம்.”

சேதுராமன் அவனையே பார்த்தார். “அப்ப பொய்ப் படத்தையா கொண்டாந்தீக?”

“ஆமா.”

“கம்ப்யூட்டரும் பொய் சொல்லுமா?”

“நாம எதக் கேட்டா நிம்மதியா இருப்போமோ, அதச் சொல்ல வைக்கலாம் மாமா.”

அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையை அவன் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்று தவசி இரண்டு மணி வண்டியில் தனியாகத் திரும்பினான்.

*

திங்கட்கிழமை காலையில் வேல்சாமி உளியோடு வந்தார். பூச்சு எளிதில் வந்துவிட்டது, செங்கல்லின் மேல்தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. உப்புத் தண்ணீரில் குழைத்த சிமெண்டு. பத்து மணிக்கெல்லாம் இரண்டு சுவரும் உரித்த கோழியைப்போல் செங்கல் தெரிய நின்றன. தரையில் சாந்துக் குவியல். ராக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாண்டியம்மாள் வாசலில் நின்றார். தூசிக்குப் பிள்ளை இரண்டு தும்மல் போட்டது.

சேதுராமன் டேப்பின் முனையைச் செங்கல்லில் அழுத்தினார். மறுமுனைக்கு வேல்சாமி போனார். தவசி அவரை விலக்கிவிட்டுக் குனிந்தான்.

“பத்தடி கால் இஞ்ச்.”

“பத்துன்னு சொல்லுங்க தம்பி, போதும்,” என்றார் வேல்சாமி.

“பத்தடி கால் இஞ்ச்.”

“சரிய்யா, தாண்டிருச்சுல்ல, விடு,” என்றார் சேதுராமன் வேல்சாமியிடம். அவர் கண் கலங்கியிருந்தது. செங்கல்லை ஒரு தடவை உள்ளங்கையால் தட்டினார். வேலை முடித்த மாட்டைத் தட்டுவதுபோல் இருந்தது அது. பிறகு வேல்சாமியோடு தெருவுக்குப் போய் நின்றார்.

மனு ஜன்னல் கட்டையில் இருந்தது. தவசி பேனாவை எடுத்தான். ‘2.1 லிட்டர்’ என்ற வரியை அடித்தான். அதற்கு மேலே எழுதினான்: ‘ஐந்து துணிகள். மூன்றை நான் தூக்கினேன். இரண்டை என் மாமியார் அலசினார். மொத்த அளவு எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் அளக்கவில்லை. துணிகளின் எண்ணிக்கையில் சந்தேகம் இல்லை.’

பாண்டியம்மாள் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. தவசி அதைத் திருத்தச் சொல்லவில்லை.

பிள்ளையை ராக்குவிடம் விட்டுவிட்டு அவன் தபாலாபீசுக்குப் போனான். பதிவுத் தபால். கவரைத் தராசில் வைத்த குமாஸ்தா, “இருவது கிராம் இருக்கும்,” என்றார்.

“இருக்குமா, இருக்கா?” என்றான் தவசி. “சரியாப் பாத்துச் சொல்லுங்க.”